எங்கார்னாவின் விருந்தாளிகள்

காலையில் கலேட்டா கடற்கரையில் குடையை ஊன்றுவது என் வேலை. கூட்டத்துக்கு முன் இடம் பிடித்தால்தான் மாலையில் எங்கள் தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிங்கோ ஆட முடியும். குடை அம்மாவுடையது. பையிலிருந்து எண்களை எடுத்துக் கூப்பிடுவதும் அம்மாதான். தன் அட்டையிலுள்ள எண்களை முதலில் அடித்து முடிப்பவருக்கு வெற்றி.

இந்தக் கோடையில் வட்டத்தில் ஒரு நாற்காலி மட்டும் சற்றுத் தள்ளியே கிடந்தது. அது எங்கார்னாவின் நாற்காலி. நான் பிறந்ததிலிருந்து நாங்கள் குடியிருப்பது அவள் வீட்டில். செப்டம்பரோடு காலி செய்யச் சொல்லிவிட்டாள். எங்கள் காதிஸ் நகரத்தில் இப்போது வீடுகளெல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான். பள்ளிச் சமையலறையில் அம்மா வாங்கும் சம்பளத்துக்கு ஊருக்குள் வேறு வீடு கிடைக்காது. வேதியியல் படித்த எனக்கு இன்னும் சம்பளமே இல்லை.

அப்படிச் சொன்ன பிறகும் எங்கார்னா தினமும் ஆட வந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. அம்மா கூப்பிடும் விதம் மட்டும் மாறியது. இங்கே எண்களுக்கு அவற்றின் உருவத்தை வைத்துப் பட்டப்பெயர் உண்டு. இருபத்திரண்டு, இரட்டை வாத்து. எழுபத்தேழு, இரட்டைக் கோடரி.

"எழுபத்தேழு. எங்கார்னாவோட நாக்கு."

"அவளுக்கும் ரெண்டுதான்" என்றாள் பக்கத்து வீட்டு பாகி. "நம்மகிட்ட பேச ஒண்ணு, தரகர்கிட்ட பேச ஒண்ணு."

எங்கார்னா அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சனிக்கிழமை அவள் தன் இன்னொரு வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு டச்சுத் தம்பதியைக் கூட்டி வந்தாள். அம்மாவின் காதருகே குனிந்தாள். எனக்கும் பாகிக்கும் கேட்டது.

"உள்ளூர்ப் பொம்பளைங்களோட பிங்கோன்னு விளம்பரத்துல போட்டிருக்கேன்டி மிலாக்ரோஸ். கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. இவங்க நெட்ல நம்மளைப் பத்தி நல்லபடியா எழுதிட்டுப் போனா, குளிர்காலம் முடியற வரைக்கும் நீங்களே இருங்க."

அம்மா கையிலிருந்த எண் பையையே பார்த்தாள்.

"உக்காரச் சொல்லு."

"வித்தை காட்டுற குரங்கு மாதிரி கழுத்துல ஒரு கயிறும் கட்டிக்கலாமா?" என்றாள் பாகி.

"வாயை மூடு, பாகி" என்றாள் அம்மா.

அன்று எழுபத்தேழு வந்தபோது அம்மா கோடரியைக் கோடரி என்றே கூப்பிட்டாள். நான் அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் எங்கள் இறால் அடையைத் தின்றார்கள், தின்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் என்னிடம் போனை நீட்டினாள். அக்டோபரில் அவளுடைய அக்கா வருகிறாளாம். எங்கார்னா கடலைப் பார்த்த ஒரு வீட்டைக் கொடுத்திருக்கிறாளாம், பணமும் கட்டியாகிவிட்டதாம். இந்தத் தெரு உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

படத்தில் எங்கள் சமையலறை ஜன்னல். அதில் நான் நட்ட துளசித் தொட்டி.

கூட்டத்தில் எனக்குக் குரல் வராது. ஆனால் வந்தது.

"அம்மா, அக்டோபருக்கு நம்ம வீட்டை இவங்க அக்காவுக்குக் குடுத்தாச்சு."

அம்மாவின் கை பைக்குள் நின்றது.

"இந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் சரியாப் புரியலை" என்றாள் எங்கார்னா.

"படம் புரியுது" என்றேன்.

அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுந்து போ, எங்கார்னா."

"கடற்கரை என்ன உன் சொத்தா?"

"இல்லதான். குடை என்னோடது."

அம்மா குடையைப் பிடுங்கினாள். பாகி நாற்காலியை மடக்கினாள், மற்றவர்களும் மடக்கினார்கள். படகுகள் இருந்த பக்கமாகப் போய் மறுபடி வட்டம் போட்டோம். பழைய இடத்தில் மூன்று பேர் மீதும் வெயில் விழுந்தது.

அவர்கள் கையில் இருந்த அட்டைகளை வாங்க நான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. என்ன தவறு நடந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். படத்தில் இருந்தது எங்கள் வீடு என்றேன். அவள் இரண்டு அட்டைகளையும் என் கையில் வைத்துவிட்டு எங்கார்னாவைப் பார்த்தாள்.

எங்கார்னா தன் அட்டையைத் தரவில்லை.

"ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி. நான் இன்னும் ஆட்டத்துல இருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன். அம்மா பைக்குள் கைவிட்டு அடுத்த எண்ணை எடுத்தாள். குடை நிழலுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி கூப்பிட்டாள். அங்கே எங்கார்னா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.