கேக்குக்குள் பாதாம்

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று நியூ ஆர்லியன்ஸில் கார்னிவல் கொண்டாட்டம் தொடங்கிவிடும். எங்கள் பல் மருத்துவமனையிலும் ஊதா, பச்சை, தங்க நிறச் சர்க்கரை தூவிய ராஜா கேக்கை வெட்டினார்கள். உள்ளே ஒளித்துவைத்த குட்டிப் பிளாஸ்டிக் குழந்தை பொம்மை யாருடைய துண்டில் வருகிறதோ, அடுத்த வாரக் கேக் அவர் செலவு.

என் துண்டில் ஒரு பாதாம் இருந்தது.

"குழந்தை எங்க?" என்று கேட்டேன்.

நவம்பரில் எனக்குக் கரு கலைந்தது எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் வரவேற்பு மேசை டெல்ஃபின்தான், "இந்த வருஷம் பாதாமே போதும்னு நாங்கதான் முடிவு பண்ணோம், கண்ணு. உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..." என்று இழுத்தாள்.

"சரி, அடுத்த கேக் நான் வாங்குறேன்."

"நீ எதுக்குடி? ரோஸ்கோ வாங்கட்டும். மூணு வருஷமா குழந்தையை முழுங்கிட்டு நழுவுறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அழுகை வரவில்லை. அவர்கள் நிறுத்தியதுதான் எரிச்சலாக இருந்தது.

மறு வாரம் கேக் வாங்கப் போனேன். "குழந்தையை உள்ள வெச்சுடவா, தனியா தரவா?" என்று கடைக்காரி கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"தனியா குடுங்க."

காரில் உட்கார்ந்து, அதைக் கேக்கின் அடியில் கட்டைவிரலால் ஆழமாக அழுத்தினேன். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினேன். இனிப்பே தெரியவில்லை.

அன்று, "குழந்தை உள்ளதான் இருக்கு" என்று சொல்லி, கேக்கை நானே வெட்டிக் கொடுத்தேன். எல்லோரும் பயந்து பயந்து மென்றார்கள்.