மாப்பிள்ளைக்குச் செய்த பாகு முந்திரி

அந்த முந்திரியை அற்புதமேரி முதலில் தின்று பார்த்தது மகளின் கம்பெனி கொடுத்த டப்பாவிலிருந்துதான். மகள் ஜெர்சி ஒரகடத்தில் கார் சீட்டு தயாரிக்கும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். பண்டிகைக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்திருந்தார்கள். உள்ளே முந்திரியும் பாதாமும், ஒவ்வொரு பருப்பின் மேலும் கண்ணாடி மாதிரி சர்க்கரைப் பூச்சு. கடித்ததும் இனிப்பு, அப்புறம் பட்டை வாசனை, எல்லாம் முடிந்த பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்ல ஒரு காரம்.

"இத்த வூட்லயே செய்யலாம்டி," என்றாள் அற்புதமேரி.

"யூட்யூப்ல இருக்கும்மா, போட்டுத் தரட்டா?"

"அதெல்லாம் வேணாம். வாய்ல போட்டா தெரியாதா இன்னா போட்டுக்கீறான்னு?"

தெரிந்தது. பட்டை, சுக்கு, ஏலக்காய், துளி உப்பு, காஷ்மீரி மிளகாய்த்தூள். ஆனால் செய்வது வேறாக இருந்தது. முதல் தடவை சர்க்கரை பூத்துப்போய்ப் பருப்பின் மேல் உப்பு மாதிரி உதிர்ந்தது. அடுத்த தடவை பாகு கருகிக் கசந்தது. வெல்லம் போட்டுப் பார்த்தாள். ஆறிய பிறகும் கையில் ஒட்டியது. அவள் கணவன் அமிர்தநாதன், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கருகியது, ஒட்டியது எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்துக்கொண்டு போய் ஷிப்டில் இருந்தவர்களோடு தின்றுவிட்டு வந்தார்.

"கல்யாணத்துக்குள்ள வந்துடும் மேரி, கவலப்படாதே," என்று கிண்டல் செய்தார்.

ஜெர்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை டெனிசன் வாலாஜாபாத்துக்காரன், லாரி கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் நிரந்தர வேலை. அப்பா இல்லாத பையன்; அம்மா சவரியம்மாள் ஒருத்தியாக நின்று வளர்த்து ஆளாக்கியிருந்தாள். அதிகம் பேசமாட்டான். பெண் பார்க்க வந்த அன்று கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தான். அதிலேயே அற்புதமேரிக்கு அவனைப் பிடித்துப்போனது.

கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்திருந்தால் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறன்று டெனிசனும் அவன் அம்மாவும் இந்த ஊர்க் கோயிலுக்கே பூசைக்கு வருவதாகவும், பூசை முடிந்து வீட்டில் சாப்பிடுவதாகவும் ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் அற்புதமேரிக்குப் பாகு கைவந்தது. படப்பைக் கடைத்தெருவில் வாங்கிய முழு முந்திரியைச் சின்னத் தீயில், நிறம் மாறாமல் மொறுமொறுப்பு மட்டும் ஏறும்படி வறுத்தாள். வாணலியில் வெள்ளைச் சர்க்கரையோடு கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டு, கரண்டியால் கிளறாமல் வாணலியை மட்டும் ஆட்டி ஆட்டி உருக்கினாள். தேன் நிறம் வந்த நொடியில் பருப்பைக் கொட்டிப் பொடிகளைத் தூவிப் புரட்டி, நெய் தடவிய தாம்பாளத்தில் பரப்பினாள். சூடு ஆறுவதற்குள் இரண்டு ஸ்பூனால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். ஆறியதும் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள். கல் மாதிரி 'டிக்' என்றது. அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெயர் வாசித்தபோது ஜெர்சி தலை குனிந்துகொண்டாள். ஆண்கள் பக்கம் டெனிசன் புதுச்சட்டையில் விறைப்பாக நின்றான். பூசை முடிந்து வெளியே வந்து எல்லோரும் கை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அற்புதமேரி முதல் வேலையாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் முந்திரியைக் கொண்டுவந்து மாப்பிள்ளை முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்கோ தம்பி. நானே செஞ்சது."

"பரவாயில்ல அத்தை. இனிப்பு அதிகமா சாப்பிடமாட்டேன்," என்றான்.

"இது வெறும் இனிப்பு இல்லப்பா, காரமும் கீது. ஒண்ணே ஒண்ணு."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். சவரியம்மாள் சிரித்துக்கொண்டே, "சாப்புடுப்பா. ஆசையா செஞ்சிக்கீறாங்க, வேணாம்னா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

டெனிசன் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். மென்றான். "நல்லா இருக்கு அத்தை," என்றான். அந்தச் சொல்லில் பூரித்துப்போய் அற்புதமேரி அவன் உள்ளங்கையைப் பிடித்து மேலும் நான்கைந்து முந்திரியை வைத்து மூடினாள். அவன் அதிலும் இரண்டைத் தின்றான்.

அவள் அடுப்படிக்குப் போய்க் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து செருமல் சத்தம் கேட்டது. தண்ணீர் கொடு என்று ஜெர்சியிடம் சொன்னாள். மறுபடியும் செருமல். அப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம், ஜெர்சியின் குரல்: "அம்மா! இங்க வா! அம்மா!"

ஓடி வந்து பார்த்தவளுக்கு அது யார் முகம் என்றே ஒரு கணம் புரியவில்லை. உதடு இரண்டும் வீங்கி வெளியே தள்ளியிருந்தன. கண் இமைகள் உப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவப்பு ஏறியிருந்தது. அவன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மூச்சை இழுத்தபோது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இன்னா ஆச்சு? இன்னா ஆச்சுங்க இவருக்கு?" என்று ஜெர்சி கத்தினாள்.

"ஐயோ, முந்திரி! முந்திரி அவனுக்கு ஆவாதே!" என்று சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாதாவே, எம்புள்ள!"

அற்புதமேரியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஆகாதா? இந்த அம்மாதானே சாப்பிடச் சொன்னாள்? இப்போதுதானே, இதே இடத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு?

கேட்க நேரமில்லை. அமிர்தநாதன் தெருவுக்கு ஓடி எதிர்வீட்டு எல்லப்பனின் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்தார். டெனிசனைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டு, அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஜெர்சி உட்கார்ந்தாள். அற்புதமேரி காலடியில் குந்திக்கொண்டாள். சவரியம்மாளை ஏற்றிக்கொண்டு அமிர்தநாதன் பைக்கில் வந்தார்.

ஒரகடம் கூட்ரோடுக்கு முன்னால் கார் ஏற்றிக்கொண்டு வந்த நீளமான டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்து நின்றது. எல்லப்பன் ஹாரனை அழுத்திக்கொண்டே, "யோவ், உசுரு போவுதுய்யா, வழி உடு!" என்று கத்தி, ஆட்டோவை மண்ணில் இறக்கி ஓட்டினான். அற்புதமேரி டெனிசனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது சில்லென்று இருந்தது. அவளுக்கு ஜெபம் வரவில்லை. 'ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு' என்று தன் குரல்தான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். பார்த்த உடனேயே, "என்ன சாப்பிட்டார்?" என்றாள்.

"முந்திரி," என்றாள் ஜெர்சி.

அதற்குமேல் அந்த டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. பேன்ட்டோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தினாள். ஆக்சிஜன் வைத்தார்கள், கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், இன்னொரு ஊசி போட்டார்கள். திரையை இழுத்துவிட்டு இவர்களை வெளியே அனுப்பினார்கள்.

வெளியே பெஞ்சில் அற்புதமேரி உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் பாகு பிசுபிசுத்தது. புடவையில் துடைத்தாள். போகவில்லை. எழுந்து போய்க் குழாயில் கழுவினாள், மறுபடியும் வந்து உட்கார்ந்து துடைத்தாள். கொலைகாரி என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பவள் மாதிரி போகிற வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

டாக்டர் வெளியே வந்தாள். "மூச்சு சரியாயிட்டு வருது. கொஞ்சம் லேட்டாகியிருந்தா தொண்டை மொத்தமா அடைச்சிருக்கும். வீக்கம் திரும்பவும் வரலாம், அதனால நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கணும். இது இவருக்கு முதல் தடவையா?"

சவரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ரெண்டு தடவ வந்துக்கீது டாக்டரம்மா," என்றாள். "சின்ன வயசுல. ஒரு வாட்டி செங்கல்பட்டு ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அமிர்தநாதன் சுவரில் சாய்ந்துகொண்டார். அற்புதமேரிதான் எழுந்தாள். அவளுக்குக் கோபமாகப் பேசத்தான் வாய் எழுந்தது, ஆனால் வந்தது கெஞ்சல் மாதிரியான குரல்.

"சம்பந்தியம்மா, தெரிஞ்சும் எங்கையால தின்ன உட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் இன்னா பாவம் பண்ணேன் உங்களுக்கு?"

"ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேம்மா. பெரியவனாயிட்டான், எல்லாம் போயிருக்கும்னு..." சவரியம்மாள் அழுதாள். "மொதல்ல ஒரு எடம் பாத்தோம், காஞ்சிபுரத்துப் பக்கம். உள்ளதைச் சொன்னோம். நோயாளிப் பையன்னு சொல்லி வேணாம்னுட்டாங்க. அதோட உட்டாங்களா? முந்திரிக்கொட்டை தின்னா செத்துடுவானாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் யாரும் எட்டிப் பாக்கல. இந்த வாட்டி வாயைத் தொறக்காதடான்னு நான்தான் சொன்னேன்."

"யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு காலையில சாமியார் அத்தனை பேர் முன்னாடி கேட்டாரே," என்றாள் ஜெர்சி. அவள் அழவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. "நீங்க அங்கதானே நின்னீங்க?"

"அது தடை இல்லியேம்மா..."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அதுவும் தடை இல்ல. தெரியாம போனதாலதான் இன்னிக்கு எங்க அம்மா கையால ஒரு உயிர் போகப் பாத்துச்சு."

சாயந்திரம் டெனிசனைப் பார்க்க விட்டார்கள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஜெர்சி மட்டும் உள்ளே போனாள்; அற்புதமேரி திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள் ஜெர்சி.

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயில போட்டீங்க?"

கரகரத்த குரலில் மெல்லப் பதில் வந்தது. "அத்தை அவ்ளோ ஆசையா நீட்டினாங்க. அம்மா வேற பாத்துக்கினு இருந்தாங்க. வேணாம்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். வாயே வரல."

"ரெண்டாவது தடவையும் தின்னீங்க."

"வாய் அரிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. துப்புனா அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

திரைக்கு இந்தப் பக்கம் அற்புதமேரிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தன் மனசு கஷ்டப்படாமல் இருக்க ஒரு பையன் சாவை மென்று விழுங்கியிருக்கிறான். தான் அவன் முன்னால் நின்று, அவன் கையில் இன்னும் நாலைந்தை வைத்து மூடிவிட்டுப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உங்களுக்கு இந்த நோய் இருக்கறது எனக்குப் பெருசே இல்ல," என்றாள் ஜெர்சி. "ஆனா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவரோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது? நாளைக்கு வேற எதை எங்கிட்ட சொல்லாம முழுங்குவீங்க?"

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் ஜெர்சி வேலைக்குப் போகும் வழியில் சாமியாரைப் பார்த்து, இரண்டாம் ஓலையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னாள். அற்புதமேரி மிச்சமிருந்த முந்திரியைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினாள். வாணலி, தாம்பாளம், ஸ்பூன், மிக்சி ஜார் எல்லாவற்றையும் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தாள். சில நாள் அவளால் அடுப்புப் பக்கமே போக முடியவில்லை. பாகு வாசனை மூக்கிலேயே நின்றது. அமிர்தநாதன்தான் ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார்.

இரண்டாம் ஓலை வாசித்திருக்க வேண்டிய ஞாயிறு போனது. அடுத்ததும் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி பஸ்சிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு டெனிசன் வாசலில் வந்து நின்றான். தனியாக.

கூடத்தில் உட்காரச் சொன்னார் அமிர்தநாதன். அவன் உட்காரவில்லை. "மாமா, அத்தை, நான் சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தான். எதெதெல்லாம் ஆகாது, முன்னால் எப்போதெல்லாம் வந்தது, ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் போய்ப் பார்த்தது, இனி ஊசி மருந்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னது, லைனில் உடன் வேலை செய்கிறவர்களிடமும் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னான். பையிலிருந்து மருந்தை எடுத்துக் காட்டினான். எங்கே குத்த வேண்டும் என்று தொடையைத் தொட்டுக் காட்டினான். "அம்மாவுக்கு நான் இங்க வந்தது தெரியும். கூட வரேன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்."

ஜெர்சி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அற்புதமேரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிப் பழக்கமில்லை. காலையில் செய்த கேசரி இருந்தது. அதில் பருப்பு எதுவுமில்லை, திராட்சைகூட இல்லை. தட்டில் வைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இதுல ஒண்ணும் இல்லப்பா. சத்தியமா. புதுச் சட்டியில செஞ்சது."

டெனிசன் தட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் வியர்த்திருந்தது.

"வேணாம் அத்தை," என்றான். "நீங்க நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க. எனக்குத்தான் இன்னிக்கு பயமா இருக்கு. இன்னொரு நாள் சாப்பிடறேன்."

அற்புதமேரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட வராத அழுகை. ஜெர்சி வந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அதை அவன் வாங்கிக் குடித்தான்.

மழைக்காலம் முடிந்து மீதி இரண்டு ஓலையும் வாசித்தார்கள். கல்யாணப் பந்தியில் எந்தப் பண்டத்திலும் முந்திரி கிடையாது; சமையல்காரர் பகலவன் முறைத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார். சவரியம்மாளோடு அற்புதமேரி பழையபடி பேசப் பல மாதங்கள் ஆயின. இப்போதும் வீட்டில் யாராவது சாப்பிடும்போது தொண்டையைச் செருமினால், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அவர்கள் உதட்டைப் பார்க்கிறாள்.