எதையும் பிடிக்காமல்

டெய்லரம்மா முதல் நாள் என் ஜிம்முக்கு வந்தபோது அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்துவிட்டாராம். முப்பத்தைந்து வருடமாகக் கழுத்தில் கிடப்பதை யார் ஞாபகம் வைத்துக் கழற்றுவார்கள்.

"இங்க மாஸ்டர் யாரு?"

"நான்தான்மா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க தொழில்ல மாஸ்டர்னா துணி வெட்டுறவர். நீ எதை வெட்டுவ?"

"எதையும் வெட்ட மாட்டேன்."

"அப்போ தம்பின்னே கூப்பிடுறேன்."

புதிதாக வருபவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பேன். தொப்பை குறையணும், தோள் விரியணும், பழைய பேன்ட் ஏறணும் என்பார்கள். டெய்லரம்மா சொன்னது வேறு. "தரையில உட்கார்ந்தா எழுந்திருக்கணும். அவ்வளவுதான்."

அவருக்கு அறுபத்தொரு வயது. மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். வீட்டின் முன் அறைதான் கடை. இரண்டு வாரத்துக்கு முன்பு வெட்டுமேசைக்கு அடியில் உருண்டுபோன நூல் பாபினை எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. அடி எதுவும் படவில்லை, எழத்தான் முடியவில்லை. கத்திப் பார்த்தார். கீழ் வீட்டில் டிவி அதைவிடச் சத்தமாகக் கத்தியது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்த ஒருவர் தூக்கிவிட்டார்.

"தூக்கிவிட்டுட்டு, சட்டை ரெடியான்னு வேற கேட்டான்."

"ரெடியா இருந்துச்சா?"

"பட்டன் வைக்கல. உட்கார்ந்தே வச்சிருக்கலாம், ஊசி மேசை மேல இருந்துச்சு."

விஷயம் மகன் காதுக்குப் போனது. தன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையைத் தயார் செய்துவிட்டான். தரைத்தளம், படியே இல்லை, பத்திரம். ஜன்னல் இருந்தது, அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. ஊசியில் நூல் கோக்கப் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். கடை தேடி வருகிறவர்கள் அத்தனை பேரும் இந்தத் தெருக்காரர்கள். அங்கே போனால் மெஷினுக்கு உறை போட்டு மேலே பூச்செண்டு வைத்துவிடுவார்கள் என்றார். டெய்லரம்மா மூன்று மாதம் தவணை கேட்டார். மகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தன் கண் முன்னால் தரையில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கே மெஷினை வண்டியில் ஏற்றிவிடுவான்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. முகத்தில் காட்டவில்லை.

நான் எந்தக் கல்லூரியிலும் உடற்பயிற்சி படித்தவன் இல்லை. ஆறு வருடம் ஒரு பேக்கிங் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்த்து, ஒருநாள் பாதியில் எழுந்து வந்து, திரும்பிப் போகாதவன். அங்கே ஒரே ராத்திரியில் எத்தனை பெட்டி தூக்கலாம் என்பதுதான் பேச்சு. மறுநாள் தூக்க ஆள் இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. அதனால் என் ஜிம்மில் ஒரே ஒரு சட்டம். இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்று தோன்றும்போது நிறுத்திவிட வேண்டும். இந்தச் சட்டத்தால் எனக்குக் கூட்டம் குறைவு. சிக்ஸ்பேக் என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து, ஒன்பது நாள் பேய் பிடித்தவன்போல் செய்வான். பத்தாவது நாள் தலை வாரக் கை தூக்க முடியாமல் காணாமல் போவான். அவனுக்கு என்னைப் பிடிக்காது.

டெய்லரம்மாவுக்குச் சட்டம் உடனே புரிந்தது. "உள்ளுக்குள்ள துணி விட்டுத் தைக்கச் சொல்ற."

"அப்படின்னா?"

"சட்டை தைக்கிறப்போ தையலுக்கு உள்பக்கம் ரெண்டு விரல் துணி விடுவோம். ஆள் பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம். ஒட்ட வெட்டித் தைச்சா அன்னிக்கு அழகா இருக்கும். அடுத்த வருஷம் தரை துடைக்கத்தான்."

எட்டு வருடமாக நான் சொல்ல வராமல் திக்கியதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இருபத்தைந்து நிமிடம். முதலில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தார். பிறகு ரப்பர் பலகைகளை அடுக்கி, அதில். வாரம் ஒரு பலகையை உருவினேன். இரண்டு கையிலும் வாளி தூக்கி நடந்தார். தரையில் புரண்டு, மண்டியிட்டு, நாலுகாலில் நின்று, ஒரு காலை முன்னால் ஊன்றி எழுந்தார். விழுந்தால் எழுவதற்கு அதுதான் நல்ல வழி. பார்க்க அழகாக இருக்காது. கையே ஊன்றாமல் நேராக எழும் வழியையும் பழக்கினேன். மகன் கேட்டது அதைத்தான் என்று இருவரும் நினைத்தோம்.

ஏழாவது வாரம் நாடாவைத் தொடையில் சுற்றிக்கொண்டு குதித்தார். "அரை இஞ்ச்!"

"குறைஞ்சிருக்கா?"

"கூடியிருக்கு தம்பி! கூடியிருக்கு!"

என் ஜிம்மில் நாடாவைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவர்தான். பத்தாவது வாரம் கை ஊன்றாமல் எழுந்தார், மூன்று முறை. நான்காவதைத் தொடங்கியபோது நிறுத்தச் சொன்னேன். முறைத்துக்கொண்டே நிறுத்தினார்.

மகன் வரும் ஞாயிறு காலை என்னையும் வரச் சொல்லியிருந்தார். மூன்று மாடி ஏறிப் போனேன். கதவைத் திறந்தவரின் முட்டி வெடவெடவென்று ஆடியது.

"என்னம்மா பண்ணீங்க?"

"ட்ரையல் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

மெஷின்மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"எத்தனை?"

"நாப்பது இருக்கும். ட்ரையல் பார்க்காம எப்படி தம்பி டெலிவரி குடுக்கிறது? காலர் ஒரு நூல் தப்பினாலும் சட்டையைத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"நாப்பது தடவை போட்டுப் பார்த்தா சட்டை கிழிஞ்சுடும்மா."

"இப்போ சொல்லு."

திட்ட நேரமில்லை. படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. மகன் வந்தான், மருமகள் வந்தாள். மூன்றாவது மாடிக்கு வந்ததும் மகன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். வங்கியில் உட்கார்ந்தே வேலை. கீழே தெருவில் ஒரு குட்டி லாரி நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"ஆரம்பிங்கம்மா" என்றான். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. பயம் இருந்தது.

டெய்லரம்மா வெட்டுமேசைக்கும் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்தார். காலை மடித்தார். உடம்பை முன்னால் தள்ளினார். ஒரு சாண் எழுந்து, தொடை நடுங்கி, தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டாவது முறை அந்த ஒரு சாணும் எழவில்லை.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போதும்மா. விடுங்க. நாம போயிடலாம்."

"இரு" என்றார் டெய்லரம்மா.

பக்கவாட்டில் புரண்டார். நாலுகாலில் நின்றார். முடி முகத்தில் விழுந்தது. வலது காலை முன்னால் கொண்டுவந்து ஊன்றினார். இரண்டு மூச்சு விட்டார். பிறகு எழுந்து நின்றார். நாடாவைச் சரிசெய்துகொண்டார்.

"எதையும் பிடிக்கக்கூடாதுன்னு சொன்னேனே" என்றான் மகன்.

"எதைப் பிடிச்சேன்?"

"தரையை."

"தரையைப் பிடிக்க முடியுமாடா? எங்க, பிடிச்சுக் காட்டு."

மகன் குனிந்து தரையைப் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"நீ ரெடி பண்ண அந்த ரூமே எனக்குப் பிடிக்கல. வேணும்னா அதைக் கணக்குல சேர்த்துக்கோ."

மருமகள்தான் முதலில் சிரித்தாள். "என்னங்க, அத்தை எழுந்துட்டாங்க. நீங்க ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருங்க, பார்ப்போம்."

"எனக்கென்ன" என்று உட்கார்ந்தான். உட்காரும்போதே முட்டி படபடவென்று சொடுக்கியது. முதல் முயற்சியில் பேன்ட் தையல் ஒரு சத்தம் கொடுத்தது. இரண்டாவதில் கை தானாக மெஷின் காலைத் தேடிப் போனது.

"கையை எடு! கையை எடு!" டெய்லரம்மா நாடாவாலேயே அவன் கையில் ஒன்று போட்டார்.

மூன்றாவதில் பின்பக்கமாகச் சாய்ந்து, மல்லாந்து படுத்துவிட்டான். கூரையைப் பார்த்தபடி கிடந்தவனுக்கு முதலில் வயிறு மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். மருமகள் மெஷின்மேல் தலைவைத்துச் சிரித்தாள். எனக்குச் சத்தமாகச் சிரித்துப் பழக்கமில்லை. அன்றைக்குச் சிரித்தேன்.

"எப்படிம்மா புரண்டீங்க? மறுபடி காட்டுங்க."

"இன்னைக்கு முடியாது. மாஸ்டர் திட்டுவார்" என்றார். மாஸ்டர் என்றார்.

"இன்னும் மூணு நாளைக்கு எதுவும் செய்யக்கூடாது. நடங்க, தைங்க, போதும்" என்றேன்.

மகன் படுத்தபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டான். "அண்ணே, லோடு இல்ல. கிளம்பிக்கங்க. இல்லண்ணே, வீட்டுலதான் இருக்கேன். கீழ வந்து சொல்லலாம்தான். முதல்ல எழுந்திருக்கணும்."