பி பிரிவுப் பட்டியல்

விறைத்துப்போன அப்பாவின் கையைத் தூக்கிப் பிடித்து கிளாடிஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் ராஜரத்தினம் மாலையோடு உள்ளே வந்தார். அப்பா பிரகாசம் வாத்தியாரின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் தணிந்த குரலில், விடைத்தாள்களும் மாணவர் பட்டியலும் கிடைத்தால் கட்டுரையைத் தானே முடித்து வாத்தியார் பெயரிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது? அம்மா தலையாட்டிவிட்டாள்.

கிளாடிஸ் உள்ளறையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபத்திரண்டில் அப்பா தான் ஆங்கிலம் நடத்திய பதினோராம் வகுப்பைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். ஏ பிரிவுக்குப் புது முறை, தமிழே கிடையாது, எல்லாம் ஆங்கிலப் பேச்சுதான். பி பிரிவுக்குப் பழைய மொழிபெயர்ப்பு முறை. எது தேவலை என்று வருஷக் கடைசியில் தேர்வு வைத்துப் பார்ப்பது. கிளாடிஸுக்கு விழுந்தது பி. மாற்றச் சொல்லி அழுதாள். ஒருத்தியை மாற்றினாலும் முடிவு பொய்யாகிவிடும் என்றார். வீட்டில் ஒரு வாக்கியம் கேட்டால்கூட, வகுப்பில் கேள் என்றார். அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் ஆங்கிலம் போயிற்று. டீச்சர் டிரெயினிங்கும் அதோடு போயிற்று. இப்போது பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள். அப்பாவின் ஆராய்ச்சியில் தன் தோல்வியும் ஓர் எண்ணாகவாவது இருக்கிறது என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே ஆறுதல்.

அவள் எடுத்துக் கொடுத்த பட்டியலை ராஜரத்தினம் பிரித்தார். பி பிரிவில் ஒரு பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: ‘என் மகள். வீட்டில் சொல்லிக்கொடுத்ததாகச் சந்தேகம் வரும். இவள் மதிப்பெண்ணைச் சேர்க்கப்போவதில்லை.’ தேதி ஜூன் பன்னிரண்டு. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம்.

“அப்ப நான் எந்த செக்‌ஷன்ல இருந்தாலும் ஒண்ணுதானா சார்?”

“ஆராய்ச்சின்னா அப்படித்தாம்மா செய்யணும். அப்பா ரொம்ப நேர்மையானவர்.”

“அப்புறம் எதுக்கு வருஷம் பூரா என்னை அங்கேயே உட்கார வச்சாரு?”

அவர் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

கூடத்தில் ஜெபம் முடிந்தது. சவப்பெட்டியை மூடுமுன் வீட்டார் நெற்றியில் முத்தமிட வேண்டும். அம்மா முத்தமிட்டு எழுந்தாள்.

“வா கிளாடிஸ். எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க.”

அவள் போய்த் தலைமாட்டில் நின்றாள். குனியவில்லை. மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள்.