வாசல் தென்னையும் இரண்டு லைனும்

உபைதுல்லாவின் மகள் நிக்காஹை துபாயில் இருக்கும் அவருடைய இரண்டு மகன்களும் நேரலையில் பார்த்தாக வேண்டும். அந்த ஊரில் செல்போன் சிக்னல் வேண்டுமானால் வாய்க்கால் மதகின் மேல்தான் ஏறி நிற்க வேண்டும். அதனால் இரண்டு கம்பெனி இன்டர்நெட்டை வீட்டுக்கு இழுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிற பெட்டியையும் மாட்டியிருந்தார்.

"சேர்ந்தா டபுள் ஸ்பீடு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்" என்று பந்தலுக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொன்னார். பிரியாணி தம் போட்டாச்சா என்று கேட்டவருக்கும் அதே பதில்தான்.

இரண்டு கம்பெனிக்கும் ஊரில் கேபிள் இழுக்கிற ஆள் கிளமென்ட் ஒருவன்தான். அவன் இரண்டையும் வாசல் தென்னையிலேயே கட்டிவிட்டுப் போயிருந்தான். கல்யாணத்தன்று காலையில், சீரியல் லைட் போட்ட அலங்கார வளைவை அந்தத் தென்னை ரோட்டிலிருந்து மறைப்பது உபைதுல்லாவின் கண்ணை உறுத்தியது. மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

"பாய், இதுல ஒயரு போகுதே" என்றார் வந்தவர்.

"போகட்டும்ப்பா. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கு. நீ வெட்டு."

தென்னை சாய்ந்தது. வளைவு ரோடு வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. நிக்காஹ் முடியும்வரை துபாயில் இரண்டு திரையிலும் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்த கிளமென்ட் பயலுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாம்? ரெண்டையும் ஒரே மரத்துலயா கட்டுவான்?" என்று மனைவி ஹாஃபிஸாவிடம் பொரிந்து தள்ளினார்.

"ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தன் கூட இருப்பான்னுதான் ரெண்டு புள்ள பெத்தோம்" என்றாள் அவள். "ரெண்டு பேரையும் ஒரே பிளைட்டுல ஏத்தி அனுப்புனது கிளமென்ட்டுங்களா?"