ரோஜாக்காரனுக்கு நேர்ந்த லேமினேஷன்

ஸ்டூடியோக்காரருக்கு லேமினேஷன் மிஷின் வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் காகிதம் கிழிவது நின்றே போயிற்று. அடையாள அட்டையில் ஆரம்பித்தவர், டாக்டர் சீட்டு, சினிமா டிக்கெட், மனைவி எழுதிய மளிகைச் சீட்டு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் தள்ளிவிட்டார். ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால் ஆளையே மிஷினுக்குள் விட்டு இழுத்துவிடுவார் என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் அது பட்டது. சாப்பாட்டு மேஜையில் மருமகள் வைத்துவிட்டு எழுந்துபோன சின்ன அட்டை. உள்ளங்கைக்குள் அடங்கும் போட்டோ. வைக்கோல் நிற முடியோடு ஒரு பையன், பல்லிடுக்கில் ரோஜாவைக் கடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு சாண் தள்ளி, விளிம்பு வரை ததும்பும் காபி டம்ளர். தொட்டில் பக்கத்தில் பாம்பைக் கண்டவர் மாதிரி ஸ்டூடியோக்காரர் பாய்ந்தார். பையனைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார்.

சாயங்காலம் மருமகள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். இவர் மாப்பிள்ளைத் தோரணையில் நுழைந்தார்.

"இந்தாம்மா. காபியில முக்கி எடு, வெள்ளத்துல விடு, இவன் சிரிச்சுக்கிட்டே இருப்பான். மூலையெல்லாம் கூட வளைச்சு வெட்டியிருக்கேன்."

அவள் வாங்கி விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"இனிமே அழியவே அழியாதும்மா" என்றார், கொஞ்சம் சுருதி இறங்கி.

"அழியாது மாமா. அதான் பிரச்சனையே."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்பது கொரியப் பையன்கள் சேர்ந்து ஆடிப் பாடும் குழு அது. அவர்களுடைய பாட்டு ஆல்பம் ஒன்றை வாங்கினால் உள்ளே ஒரு பையனின் அட்டை இருக்கும். எந்தப் பையன் என்பது உறையைப் பிரிக்கிறவரை கடவுளுக்கே தெரியாது. ஆகவே உலகம் முழுக்க ஜனங்கள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். கடல் தாண்டி ஏதோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஓர் அம்மாளுக்கு ரோஜாக்காரன் வேண்டும். அந்த அம்மாளிடம் இருக்கும் குடைக்காரன் மருமகளுக்கு வேண்டும். இருவரும் அட்டையைத் திருப்பித் திருப்பி வீடியோ எடுத்துக் காட்டி, கீறல் இல்லை, கறை இல்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. பிளாஸ்டிக் ஏறிய அட்டையோ அவர்கள் கணக்கில் கெட்டுப்போன அட்டை.

"வாக்கு தவறினா?"

"பேரைப் போட்டு எல்லாருக்கும் எச்சரிக்கை விட்டுருவாங்க. அப்புறம் எந்த நாட்டுலயும் என்கூட ஒருத்தரும் மாத்திக்க மாட்டாங்க. வருஷக்கணக்கா சம்பாதிச்ச பேரு மாமா."

"நீதிமன்றத்துல கூட இவ்வளவு கறார் கிடையாதேம்மா!" என்று வாய் பிளந்தார் ஸ்டூடியோக்காரர். அவருக்குக் குற்ற உணர்ச்சி கால் பங்கு, ஆர்வம் முக்கால் பங்கு.

"என்னங்க, இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தேய்ச்சா பிரிஞ்சு வராதா?" என்றாள் மனைவி. சோதனைக்கு அவருடைய பழைய அடையாள அட்டையைத் தேய்த்துப் பார்த்தார்கள். நெற்றி தப்பியது. நெற்றிக்குக் கீழே அவர் இருந்ததற்கான அடையாளமே இல்லை. ரோஜாக்காரன் மேல் கைவைக்க அதற்குப்பின் யாரும் துணியவில்லை.

மருமகள் மறைக்காமல் கிரேன் அம்மாளுக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்தது: "பிளாஸ்டிக் போட்டது வேண்டாம். வேறு கிடைக்கிறதா பார், ஞாயிறு வரை பொறுக்கிறேன். அதுவரை உன் மாமனார் கையைக் கட்டி வை."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையோடுதான் அவர் கூடவே கிளம்பினார். அட்டை மாற்றுகிறவர்கள் கூடும் இடம், ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல்மாடி. போகிற வழியில், பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்று ஓர் ஆல்பம் வாங்கிப் பிரித்தார். ரோஜாக்காரன் வரவில்லை. கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒன்பதாவது பையன் வந்தான். கேமராவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் பாதிக் கன்னத்தில் விழுந்து, மூக்கு நுனியில் வந்து நின்றிருந்தது. ஆயிரக்கணக்கான முகங்களுக்கு விளக்குப் பிடித்த ஸ்டூடியோக்காரர், எஸ்கலேட்டர் முடிந்தது தெரியாமல் தடுக்கி விழப்பார்த்தார்.

மேலே ஒரே திருவிழா. தரையெல்லாம் அட்டை செருகிய ஆல்பங்களை விரித்துக்கொண்டு ஜனங்கள். பல் டாக்டர், பஸ் டிரைவர், கைக்குழந்தையோடு ஒரு வாத்தியாரம்மா. ஒவ்வொருவரும் டார்ச் அடித்து அட்டையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வையில் வைரவியாபாரி தோற்றுப்போவான். ரோஜாக்காரன் ஒரே ஒருவரிடம்தான் இருந்தான். ஜிம்மில் பயிற்சி கொடுப்பவராம். பனைமரத்துக்குக் கை முளைத்த மாதிரி ஆள், மடியில் இளஞ்சிவப்பு ஆல்பம்.

"தம்பி, அவங்க பாஷை உங்களுக்குப் புரியுமா?" ஸ்டூடியோக்காரரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை புரியாதுங்க சார்."

"அப்புறம்?"

"அழுகை மட்டும் கரெக்டா வந்துருது. எடை தூக்கும்போது கேட்டா இன்னும் பத்துக் கிலோ ஏறுது."

பயில்வான் மருமகளின் ஆல்பத்தைக் கடைசிவரை புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார். அதிலிருந்த பையன்கள் எல்லாரும் அவரிடம் ஏற்கெனவே இருந்தார்கள். மூடிக் கொடுக்கும்போது பார்வை ஸ்டூடியோக்காரரின் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த அட்டையில் நின்றது.

"சார்... அது கறுப்பு ஸ்வெட்டரா?"

ஸ்டூடியோக்காரரின் கை தானாகப் பையை மூடியது.

"எவ்வளவு நாளாத் தேடுறேன் தெரியுங்களா? ரோஜாவை எடுத்துக்கோங்க, இவனைக் கொடுங்க."

மருமகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, நகத்தைக் கடித்தாள். இன்று மாலைக்குள் வாக்குத் தவறியவள் என்று அவள் பெயர் ஏழு கடலிலும் அடிபடும். அட்டையோ இவர் பையில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பனாட்டம் அவர் விசாரணையை ஆரம்பித்தார்.

"வெயில்ல வைப்பீங்களா?"

"ஐயோ, மாட்டேன் சார்."

"ஜிம்முக்குத் தூக்கிட்டுப் போவீங்களா? வேர்வை?"

"வீட்டுல தனி அலமாரி சார். அம்மாவைக்கூடத் தொட விடமாட்டேன்."

"அம்மா தொடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார் ஸ்டூடியோக்காரர். ஜன்னல் பையனை ஒருமுறை சாய்த்துப் பார்த்தார், மூக்கு நுனி வெளிச்சம் வரை. கொடுத்துவிட்டார்.

அங்கேயே வீடியோ எடுத்தார்கள். கிரேன் அம்மாளுக்கு ரோஜாக்காரனை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டியது ஸ்டூடியோக்காரரின் கைதான். ஒரு கீறல் இல்லை. பதில் பறந்து வந்தது: "சம்மதம். குடைக்காரனை நாளைக்கே அனுப்புகிறேன். இது யார் கை? ஆடவே இல்லையே!"

மருமகள் படித்துக் காட்டிவிட்டு, முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு சாப்பாட்டுக் கடைப் பக்கமாக அவரை உட்கார வைத்து, போனை எடுத்தாள்.

"மாமா, உங்களுக்கும் ஒரு கணக்கு ஆரம்பிச்சிருக்கேன். 'கறுப்பு ஸ்வெட்டர் தேவை'ன்னு போட்டாச்சு. எப்படிப்பட்ட நிலைமையில இருந்தா வாங்கிப்பீங்க? கீறல், கறை எதுவும் இல்லாமன்னு போடவா?"

ஸ்டூடியோக்காரர் வெகுநேரம் யோசித்தார். வளாகத்தில் இருந்த அத்தனை பேரும் சாப்பிட்டுக் கைகழுவி வீட்டுக்கே போயிருக்கலாம், அவ்வளவு நேரம்.

"மூலை கொஞ்சம் மடங்கியிருந்தாலும் பரவாயில்லைன்னு போடும்மா. சீக்கிரம் வந்தா போதும்."