அம்மா பேரு இன்னா?

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படியில் கூட்டம் நெருக்கித் தள்ளியபோது, அனுப்பிரியாவின் கையிலிருந்து மகளின் விரல்கள் நழுவின. திரும்பிப் பார்த்தாள். தமிழினியைக் காணோம்.

நாலு வயசுக் குழந்தை. மேலண்ணம் பிளந்தபடி பிறந்தவள். ஒரு வயதில் அறுவை சிகிச்சை செய்து மூடிவிட்டார்கள். ஆனாலும் பேசும்போது காற்று மூக்கு வழியாகப் போய்விடும். ‘த’ வேண்டிய இடத்தில் ‘ந’ வரும், ‘ப’ வேண்டிய இடத்தில் ‘ம’ வரும். வெளியாட்கள் ஏதாவது கேட்டால், பிள்ளை வாய் திறக்குமுன் அனுப்பிரியாவே பதில் சொல்லிவிடுவாள். “அவளைப் பேச விடுங்க” என்று பேச்சுப் பயிற்சி தரும் ஜோசலின் சொல்லாத நாளில்லை. யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இவளுக்கு.

நடைமேடை முழுக்க ஓடித் தேடிவிட்டு, ரயில்வே போலீஸ் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள்.

“பேரு கேட்டா சொல்லுமா?” என்றார் ஏட்டு சவுரிமுத்து.

“சொல்லுவா சார். ஆனா யாருக்கும் புரியாது.”

சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே உறைத்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. “சார், இங்க ஒரு பொண்ணு கொழந்த கீது. நமியினின்னோ இன்னாவோ சொல்லுது.”

“இது வேற கொழந்தம்மா. உங்க பொண்ணு பேரு தமிழினின்னுதானே சொன்னீங்க?” என்றார் சவுரிமுத்து.

“அவதான் சார்! அவ அப்படித்தான் சொல்லுவா!”

நடைமேடைக் கோடியில் ஒரு பெண் காவலரின் பக்கத்தில் தமிழினி அழுதபடி நின்றிருந்தாள். பாய்ந்து ஓடப்போன அனுப்பிரியாவைச் சவுரிமுத்து தூணுக்கு இப்பாலேயே தடுத்துவிட்டார். “வந்து கேக்கறவங்க கையில எல்லாம் குடுத்துட முடியாதும்மா. இங்கயே நில்லுங்க.”

அவர் போய்க் குழந்தை முன்னால் குனிந்தார். “பாப்பா, அம்மா பேரு இன்னா?”

“அனுமியா.”

“இன்னா?”

“அனுமியா!”

அவர் உதட்டைப் பிதுக்கினார். அனுப்பிரியா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

தமிழினி அழுகையை நிறுத்தினாள். பயிற்சியில் விளையாட்டாகச் செய்வதுபோல் இரண்டு விரலால் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கோபமாகச் சொன்னாள்: “அனுப்...பியா!”

“அனுப்பிரியாவா?”

குழந்தை வேகமாகத் தலையாட்டியது. அதற்குமேல் அனுப்பிரியா யாருக்கும் காத்திருக்கவில்லை. ஓடி வாரி எடுத்துக்கொண்டாள். தோளில் முகம் புதைத்தபடி தமிழினி விடாமல் ஏதோ திட்டினாள்.

“இன்னா சொல்லுது?” சவுரிமுத்து சிரித்தார்.

பதில் சொல்ல வாயெடுத்த அனுப்பிரியா நிறுத்திக்கொண்டாள்.

“அவளையே கேளுங்க சார்.”